செம்புக் கம்பிக்குப் பிறகு: தேனி வணிகரும் இணையவழித் தொலைபேசியும்

கடையிலும் கிட்டங்கியிலும் பல ஆண்டுகளாக இருக்கும் பழைய தொலைபேசி இணைப்பை இணையவழிக்கு மாற்றலாமா, வேண்டாமா என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கேள்வியின் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இந்தியாவில் தரைவழி இணைப்புகள் 2020-ஆம் ஆண்டில் சுமார் 2 கோடியாகச் சுருங்கின. அதன்பின் மறுபடி ஏறி, 2023 முடிவில் 3 கோடியைத் தாண்டின. ஏறியது செம்புக் கம்பி அல்ல, ஃபைபர். இணையத்துக்காக ஃபைபர் எடுத்தபோது, அந்தப் பெட்டியின் பின்புறத் துளையில் பழைய தொலைபேசியைச் செருகிக் கொடுத்துவிட்டுப் போனார்களே, அந்த இணைப்பு அன்றே இணைய நெறியில் இயங்கும் இணைப்பு. தேனி, போடி, சின்னமனூர், கம்பம் கடைவீதிகளில் இப்படித் தெரியாமலே மாறியவர்கள் நிறைய இருப்பார்கள். தெரியாமல் மாறியதால் எதைத் திட்டமிட வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை. இதுவரை தொலைபேசித் துறை சுமந்த சில பொறுப்புகள் சத்தமில்லாமல் நம் கடைக்குள் வந்து இறங்கியிருக்கின்றன. அவை எவை என்று அறிந்து ஏற்பதுதான் திட்டமிடல் என்பது என் வாதம். எந்தக் கருவி, எந்தக் கம்பெனி என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரும் கேள்விகள்.

செம்புக் கம்பி எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் இது விளங்கும். உங்கள் மேசையில் இருந்த தொலைபேசிக்கு மின்சாரம் தேவைப்படவில்லை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தோம். தேவைப்பட்டது. எக்ஸ்சேஞ்சில் வரிசையாக அடுக்கிய பேட்டரிகளிலிருந்து 48 வோல்ட் நேர்மின்சாரம் அதே இரட்டைக் கம்பி வழியாக வந்துகொண்டிருந்தது. பேட்டரி தளர்ந்தால் டீசல் ஜெனரேட்டர் ஓடியது. ஊரே இருட்டில் இருந்தாலும் டயல் டோன் கேட்டதற்குக் காரணம் அதுதான். 1984-இல் தொடங்கிய சி-டாட் நிறுவனம் கிராமத்து எக்ஸ்சேஞ்சை வடிவமைத்தபோது, குளிர்சாதனம் இல்லாத அறையிலும் வெயிலையும் தூசியையும் தாங்கி ஓட வேண்டும் என்பதையே முதல் நிபந்தனையாக வைத்தது. 1986-இல் கர்நாடகத்தின் கிட்டூரில் முதலாவது நிறுவப்பட்டது. நம் நாட்டுக் கரண்ட்டையும் வெயிலையும் அறிந்த பொறியாளர்கள் அந்தக் கவலையைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்டார்கள். மின்சாரம், வழித்தடம், எண், பாதுகாப்பு எல்லாம் அவர்கள் பக்கம் இருந்தன. நமக்கு வாடகை கட்டுவது மட்டுமே வேலை. அந்த ஏற்பாட்டைத் தாங்கி நின்ற மனிதர்களும் இன்று இல்லை. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் பி.எஸ்.என்.எல். ஊழியர்களில் 78,000-க்கும் மேற்பட்டோர் விருப்ப ஓய்வில் வெளியேறினர். கம்பத்தில் ஏறிப் பழுது பார்த்த லைன்மேன்கள் பலர் அதில் அடக்கம். ஆகவே, “பழைய இணைப்பே இருந்துவிட்டுப் போகட்டும்” என்று சொல்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அந்தப் பழைய இணைப்பு, அதைப் பராமரித்த ஆட்களோடு சேர்த்துத்தான் நம்பகமானதாக இருந்தது.

இனி, கடைக்குள் வந்து இறங்கிய பொறுப்புகளைப் பார்ப்போம். மின்சாரம்தான் முதலில் இடறும். ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் கரண்ட் நம் கடையில் இருந்துதான் போக வேண்டும். நம் மாவட்டத்தில் துணை மின்நிலையப் பராமரிப்புக்காக மின்வாரியம் மாதந்தோறும் பகல் முழுக்கத் தடை அறிவிப்பது யாருக்கும் புதிதல்ல. கம்ப்யூட்டருக்கு வைத்திருக்கும் அரை மணி நேர யு.பி.எஸ். அந்த நாளில் உதவாது. ஆனால் ஃபைபர் பெட்டியும் ரவுட்டரும் சேர்ந்து எடுப்பது ஒன்றிரண்டு சிறிய எல்.இ.டி. விளக்குகள் அளவு மின்சாரம்தான். இன்வெர்ட்டரில் தனிக் கம்பி இழுத்து அவற்றுக்கு மட்டும் கொடுத்தால் நாள் முழுக்க ஓடும். செலவு சிறியது. இதைவிட முக்கியமான கேள்வி கடைக்கு வெளியே இருக்கிறது. உங்கள் ஃபைபர் எங்கே போய் முடிகிறது? பல இடங்களில் உள்ளூர் கேபிள் ஆபரேட்டரின் அறையில் இருக்கும் கருவியில்தான் முடிகிறது. அந்த அறையில் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கேட்டு, பதிலை எழுதி வாங்குங்கள். அங்கே இரண்டு மணி நேரம்தான் என்றால், உங்கள் கடையில் எட்டு மணி நேர இன்வெர்ட்டர் இருந்தும் பயனில்லை. பிரிட்டனில் செம்புக் கம்பித் தொலைபேசியை 2025 டிசம்பருக்குள் மூடுவதாக இருந்தார்கள். தனியாக வாழும் முதியவர்களின் அவசர அழைப்புக் கருவிகள் அந்தக் கம்பியை நம்பியிருந்தது பெரிய கவலையானதால், கெடுவை 2027 ஜனவரிக்குத் தள்ளிவைத்தார்கள். அவ்வளவு வசதியுள்ள நாட்டிலேயே அந்தக் கம்பியில் என்னென்ன தொங்குகிறது என்ற கணக்கு முதலில் எடுக்கப்படவில்லை. உங்கள் கட்டடத்தில் லிஃப்ட் தொலைபேசி, தீ எச்சரிக்கைக் கருவி, ஃபேக்ஸ் எதுவாவது அந்த இணைப்பில் இருக்கிறதா என்று ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுங்கள். கரண்ட் போன நேரத்தில் 108-ஐ எந்தக் கைபேசியிலிருந்து அழைப்பது என்பதும் கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது வழித்தடம். இது நம் பள்ளத்தாக்குக்கே உரிய பிரச்சினை. ஒரு பக்கம் மேகமலை, மறு பக்கம் ஏலமலை. நடுவே வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர், லோயர்கேம்ப் என்று ஒரே சாலை குமுளிக்கு ஏறுகிறது. கேபிள் பதிப்பவர்கள் பெரும்பாலும் சாலையை ஒட்டியே பதிப்பார்கள். சாலையை அகலப்படுத்தினாலும், குடிநீர்க் குழாய்க்குத் தோண்டினாலும் ஜே.சி.பி.யின் வாயில் முதலில் சிக்குவது அதுதான். “இரண்டு கம்பெனி இணைப்பு வாங்கிவிட்டேன், ஒன்று போனால் மற்றொன்று” என்று நிம்மதியாக இருக்கும் கம்பத்து வியாபாரி, இரண்டும் ஒரே பள்ளத்தில் படுத்திருக்கின்றனவா என்று கேட்க வேண்டும். தேனிக்கு இந்த விஷயத்தில் நிலைமை மேல். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியாக மதுரைக்கு ஒரு திசை, பெரியகுளம், வத்தலக்குண்டு வழியாகத் திண்டுக்கல்லுக்கு ஒரு திசை. கம்பத்துக்குத் தேனித் திசையை விட்டால் மலையேறிக் கேரளத்துக்குள் போகும் திசைதான் மிச்சம். அதனால் உத்தமபாளையத்துக்குத் தெற்கே இருப்பவர்களுக்கு இரண்டாவது வழி வானலையாக இருப்பதே நல்லது. 4ஜி அல்லது 5ஜி சிம் போட்ட ரவுட்டர் ஒன்று, முதல் இணைப்பைக் கொடுக்காத வேறொரு கம்பெனியுடையதாக, எப்போதும் தயாராக இருக்கட்டும். வேறொரு கம்பெனி என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. 2022 ஜூலை 8 அன்று கனடாவின் ரோஜர்ஸ் நிறுவனத்தில் பராமரிப்பு வேலையின்போது நடந்த ஒரு தவறு அதன் முழு வலையமைப்பையும் வீழ்த்தியது. 1 கோடியே 20 லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் நின்றன. கைபேசி, வீட்டு இணையம், தரைவழி மூன்றையும் அவர்களிடமே வைத்திருந்தவர்களுக்கு மூன்றும் ஒன்றாகப் போயின. நாடு முழுவதும் கடைகளில் டெபிட் அட்டைப் பரிவர்த்தனையும் முடங்கியது.

மூன்றாவது, எண். மேலே சொன்ன இரண்டையும் பணம் செலவழித்துச் சரிசெய்துவிடலாம். எண் போனால் திரும்ப வராது. கைபேசி எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனி மாறும் வசதி 2011 ஜனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது. தரைவழி எண்ணுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை. 04546 என்று தொடங்கும் போடி, பெரியகுளம் எண்ணையோ, 04554 என்று தொடங்கும் கம்பம், உத்தமபாளையம் எண்ணையோ வைத்திருப்பவர், அதே கம்பெனியிலேயே செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறினால் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளலாம். வேறு கம்பெனிக்குப் போனால் புது எண்தான். ஏலக்காய்ச் சாக்கிலும், திராட்சைப் பெட்டியிலும், பில் புத்தகத்திலும், லாரியின் பக்கவாட்டிலும், வடநாட்டு வியாபாரியின் குறிப்பேட்டிலும் அச்சாகியிருக்கும் எண்ணை, மாத வாடகையில் சில நூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக விட்டுக்கொடுப்பது பெரிய இழப்பு. புதிய கம்பெனியிடம் போய்த்தான் தீர வேண்டும் என்றால், பழைய எண்ணைக் குறைந்த வாடகைத் திட்டத்தில் இன்னும் ஓராண்டாவது உயிரோடு வைத்து, அதற்கு வரும் அழைப்புகளைப் புதிய எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். அதற்கு முன்பு இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தாத்தா பெயரிலும், பிரிந்துபோன பங்காளி பெயரிலும் இணைப்பு ஓடிக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் நம் ஊரில் உண்டு. மாற்றத்துக்கு விண்ணப்பிக்கும் நாளில் அது சிக்கலாகும். பெயர் மாற்றத்தை முதலில் முடியுங்கள். இணையவழி எண் சேவையான ‘கிளவுட் போன்’ விற்பவரிடம் எண் வாங்கினால், ஒப்பந்தம் முடிந்தபின் அந்த எண் யாருக்குச் சொந்தம் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், உள்ளூர் அழைப்பானாலும் தரைவழி எண்ணைப் பூஜ்யம், எஸ்.டி.டி. கோடு இரண்டையும் சேர்த்தே முழுதாகச் சுழற்ற வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. இனி அச்சடிக்கும் எதிலும் எஸ்.டி.டி. கோடு இல்லாமல் எண்ணை அச்சடிக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் பேச எத்தனை அழைப்புப் பாதைகள் வாங்குவது என்பதில்தான் விற்பவர் சொல்வதை அப்படியே நம்பி ஏமாறுகிறோம். பல பாதைகளைக் கட்டாகத் தரும் பழைய பி.ஆர்.ஐ. இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேச்சு என்பது ஒட்டுமொத்தமாகக் கிடைக்கும். எஸ்.ஐ.பி. டிரங்க் எனப்படும் இணையவழி இணைப்பில் தேவைப்படும் எண்ணிக்கையில் வாங்கலாம். அதுதான் அதன் பெரிய நன்மை. ஆனால் தேவையை எப்படிக் கணக்கிடுவது? போடி ஏலக்காய் வணிகத்தை எடுத்துக்கொள்வோம். நறுமணப் பொருள் வாரியம் 2007-லேயே ஏலத்தை மின்னணு முறைக்கு மாற்றியது. 2021-இல் போடியும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியும் மேகக் கணினி வழியாக இணைக்கப்பட்டன. விலை தெரிந்ததும் தோட்டக்காரர் ஒரு பக்கம், வாங்குபவர் மறுபக்கம், லாரி புக்கிங் இன்னொரு பக்கம் என்று அழைப்புகள் ஒரே நேரத்தில் குவியும். எடுத்துக்காட்டாக, ஒரு மண்டிக்கு நெருக்கடியான ஒரு மணி நேரத்தில் 40 அழைப்புகள், ஒவ்வொன்றும் 3 நிமிடம் என்று வையுங்கள். மொத்தம் 120 நிமிடப் பேச்சு; சராசரியாக எந்தக் கணத்திலும் இரண்டு பேர் பேசிக்கொண்டிருப்பார்கள். “அப்படியானால் இரண்டு பாதை போதும்” என்று மனம் சொல்லும். டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1917-இல் வெளியிட்ட சூத்திரத்தில் இதைப் போட்டுப் பார்த்தால், இரண்டு பாதை இருக்கும்போது 100-க்கு 40 அழைப்புகள் பிஸி என்று திரும்பிப்போகும். நான்கு பாதைகளில் அது 100-க்குப் பத்தாகக் குறையும். ஆறு பாதைகளில் ஏறத்தாழ ஒன்றுதான். அழைப்புகள் வரிசையில் நின்று ஒன்றன்பின் ஒன்றாக வருவதில்லை, கும்பலாக வருகின்றன. அதனால்தான் சராசரி நம்மை ஏமாற்றுகிறது. ஆகவே அந்த மண்டிக்கு 2 போதாது, 30 வீண், 6 சரி. ஒரு வாரம் கடைப்பையனை உட்காரவைத்து, உச்ச நேரத்தில் எத்தனை அழைப்பு வருகிறது, எவ்வளவு நேரம் பேச்சு நீள்கிறது என்று குறிக்கச் சொன்னால் உங்கள் எண்ணிக்கை தானே கிடைத்துவிடும்.

“இணையத்தில் பேசினால் குரல் விட்டுவிட்டு வரும்” என்பது அடிக்கடி கேட்கும் ஆட்சேபம். அது பொய்யல்ல. ஆனால் காரணம் வேறு. நல்ல தரமான ஒரு பேச்சுக்கு ஒவ்வொரு திசையிலும் சுமார் 90 கிலோபிட் போதும். ஆறு பேச்சு சேர்ந்தாலும் அரை மெகாபிட்டைச் சற்றே தாண்டும். 100 மெகாபிட் இணைப்புக்கு அது ஒரு பொருட்டே அல்ல. குரல் உடைவதற்குக் காரணம் தாமதமும் தாமதத்தின் ஏற்ற இறக்கமும். ஒரு திசைத் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருக்க வேண்டும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். கிட்டங்கியின் பதினாறு சி.சி.டி.வி. கேமராக்கள் படத்தை மேலேற்றிக்கொண்டிருக்கும் அதே இணைப்பில் குரலையும் அனுப்பினால், குரல் வரிசையில் காத்து நிற்கும். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கச் சொல்லுங்கள். முடியாவிட்டால் கேமராவுக்குத் தனி இணைப்பு எடுத்துவிடுங்கள். இன்னொன்று: உரிமம் பெற்ற கம்பெனி தன் சொந்த ஃபைபரில் தனிப் பாதையாகக் கொடுக்கும் எஸ்.ஐ.பி. டிரங்கும், பொது இணையத்தின் கூட்டத்தில் கலந்து போகும் இணைப்பும் தரத்தில் ஒன்றல்ல. விலை வித்தியாசம் அங்கிருந்துதான் வருகிறது.

சட்டத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் இணையவழிப் பேச்சு 2002 ஏப்ரல் முதல் பல கட்டுப்பாடுகளுடன் அனுமதிக்கப்பட்டது. சாதாரணத் தொலைபேசிகளோடு தடையின்றி இணையும் வகையில் 2018 ஜூனில் உரிம விதிகள் திருத்தப்பட்டன. கால் சென்டர் போன்ற நிறுவனங்களின் பதிவுக் கட்டாயம் 2020 நவம்பரிலும் 2021 ஜூனிலும் தளர்த்தப்பட்டது. ஆகவே உரிமம் பெற்ற நிறுவனத்திடம் வாங்கினால் அஞ்ச ஒன்றுமில்லை. மலிவாக வெளிநாட்டு அழைப்பு தருகிறேன், சிம்கள் செருகிய இந்தப் பெட்டியை உங்கள் கடையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். அது குற்றம், காவல்துறை உங்கள் கடைக்குத்தான் வரும். அதேபோல, 2024 ஆகஸ்டில் டிராய் பிறப்பித்த உத்தரவு நம் கடைக்காரர்களுக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை. பதிவு செய்யாமல் எஸ்.ஐ.பி., பி.ஆர்.ஐ. இணைப்புகள் மூலம் விளம்பர அழைப்பு செய்தால், அந்த நிறுவனத்தின் எல்லா இணைப்புகளையும் துண்டித்து, இரண்டு ஆண்டுகள் வரை எந்தக் கம்பெனியும் இணைப்புத் தராதபடி கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம். ஆடித் தள்ளுபடியைப் பதிவுசெய்த குரலில் ஆயிரம் பேருக்கு அனுப்ப ஆசைப்பட்டு, முப்பது ஆண்டு எண்ணை இழக்க வேண்டாம். விளம்பர அழைப்புக்கு முறையான பதிவும் 140 வரிசை எண்களும் தனியே இருக்கின்றன.

பாதுகாப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், விஷயம் எளியது என்பதால். கடைக்குள் அழைப்புகளைப் பிரித்துக் கொடுக்கும் இ.பி.ஏ.பி.எக்ஸ். கருவி இணையத்தில் திறந்து கிடந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் மென்பொருள்கள் உலகெங்கும் இரவும் பகலும் ஓடுகின்றன. கடவுச்சொல் எளிதாக இருந்தால் ஒரே இரவில் வெளிநாட்டுக்கு ஆயிரக்கணக்கான நிமிடங்கள் பேசித் தீர்த்துவிடுவார்கள். பில் உங்களுக்கு வரும். கருவியோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். ஐ.எஸ்.டி. தேவையில்லை என்றால் கம்பெனியிடமே பூட்டச் சொல்லுங்கள். நறுமணப் பொருள் ஏற்றுமதி செய்பவர்கள் தேவையான நாடுகளுக்கு மட்டும் திறந்து, மாதச் செலவுக்கு உச்சவரம்பு வைத்துக்கொள்ளலாம்.

“கையில் செல்போன் இருக்கிறது, வாட்ஸ்அப் இருக்கிறது, இதெல்லாம் எதற்கு?” என்ற ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒற்றை ஆள் நடத்தும் கடைக்கு அது போதும். நாலு பேர் வேலை செய்யும் இடத்தில் போதாது. செல்போன் எண் ஆளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. பத்து ஆண்டு வாடிக்கையாளரோடு பேசிய கணக்குப்பிள்ளை வேலையை விட்டுப் போனால், வாடிக்கையும் அவர் சட்டைப்பையிலேயே போய்விடுகிறது. முதலாளி தோட்டத்துக்குப் போய்ச் சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தால் கடையே ஊமையாகிறது. நிறுவனத்துக்கென்று ஓர் எண், அதை யார் வேண்டுமானாலும் எங்கிருந்தும் எடுக்கலாம் என்ற ஏற்பாட்டை இணையவழி இணைப்பு தருகிறது. கடை மேசையில் ஒலிக்கும் அழைப்பை வீட்டில் இருப்பவர் தன் கைபேசிச் செயலியில் எடுக்கலாம். அடிப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. இதன் தேவையை நம் ஊர் இருமுறை பார்த்துவிட்டது. 2020 ஊரடங்கில் ஏலக்காய் ஏலம் வாரக்கணக்கில் நின்றபோது, பேச்சு மட்டும் நிற்கவில்லை. 2023 மே 27 அன்று அரிக்கொம்பன் யானை கம்பம் நகருக்குள் புகுந்ததால் 144 தடையுத்தரவு போடப்பட்டபோது யாரும் கடையைத் திறக்கவில்லை. பூட்டிய கடைக்குள் அடித்துக்கொண்டிருந்த செம்புக் கம்பித் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லை.

மாற்றும் காலத்தையும் தொழிலே சொல்லும். ஏலக்காய்க்காரர்கள் ஆகஸ்ட் முதல் ஜனவரி வரையான பருவத்தில் தொலைபேசியில் கைவைக்கக் கூடாது. கோடைதான் அவர்களுக்கு ஏற்றது. பெரியகுளம் மாம்பழ வியாபாரிக்கு அதே கோடை ஆகாது. கம்பம் பன்னீர் திராட்சைக்கு ஆண்டு முழுக்க வெட்டு உண்டு. அவர்கள் மண்டி விடுமுறையை ஒட்டி மாற்ற வேண்டும். எந்தத் தொழிலானாலும் பழையதும் புதியதும் ஒரு மாதமாவது பக்கத்தில் பக்கத்தில் ஓடட்டும். இரட்டை வாடகை வலிக்கும்தான். ஆனால் அந்த ஒரு மாதத்தில் வெளிப்படும் குறைகள், பழையதை ஒப்படைத்தபின் வெளிப்பட்டால் இழப்பு அதைவிடப் பல மடங்கு.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஏற்கெனவே ஃபைபரில் இருப்பவர்கள், அடுத்த மின்தடை நாள் வரை காத்திராமல், நாளைக்கு வியாபாரம் மும்முரமான நேரத்தில் கடையின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, வெளியே நின்று உங்கள் கடை எண்ணுக்கே அடித்துப் பாருங்கள். மணி அடித்தால் கடைக்குள் உங்கள் ஏற்பாடு சரி. அடிக்காவிட்டால், புதிய இணைப்புக்குக் கையெழுத்துப் போடும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.